கண் எங்கிருந்து வந்தது: வகுப்பில் சொல்ல எந்த வழி நல்லது?

பத்தாம் வகுப்பில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ பாடத்துக்கு வந்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும். “சார், கண்ணு எப்படி சார் கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கும்? பாதிக் கண்ணை வச்சுக்கிட்டு ஒரு பிராணி என்ன பண்ணும்?” பென்னாகரத்திலும் கேட்பார்கள், போச்சம்பள்ளியிலும் கேட்பார்கள். அருமையான கேள்வி இது. டார்வினே 1859இல் வெளியிட்ட நூலில், தன் கொள்கைக்கு எதிராக என்னென்ன சொல்லலாம் என்று பேசும் அத்தியாயத்தில் கண்ணை எடுத்துக்கொண்டார். இவ்வளவு நுட்பமான உறுப்பு இயற்கைத் தேர்வால் உண்டானது என்பது முதலில் அபத்தமாகத்தான் தோன்றும் என்று ஒப்புக்கொண்டு, அப்புறம்தான் பதில் சொன்னார்.

அந்தக் கேள்விக்குப் பாடவேளையில் இரண்டு வரியில் பதில் சொல்லி நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். அறிவியல் மன்றக் கூட்டத்திலோ, பிப்ரவரி 28 அறிவியல் தினத்திலோ இரண்டு பாடவேளை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படிச் செலவழிப்பது? ஐந்து வழிகள் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளில் கைக்கு எட்டும் பொருள்களை மனதில் வைத்து அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க ஏதாவது இருக்கிறதா, சொல்லப்படும் கதை உண்மையிலேயே நம் கண்ணின் கதைதானா என்ற இரண்டையும் வைத்துத்தான் எடை போடுகிறேன். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கறிக்கடையிலிருந்து ஓர் ஆட்டுக் கண், கூடவே அடைகோழியின் கீழிருந்து ஒரு முட்டை. காரணம் பின்னால் வரும்.

படிக்கட்டு

எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான். ஒளியை உணரும் தட்டையான செல் திட்டு ஒன்று. அது லேசாகக் குழிகிறது. குழி ஆழமாகிறது. வாய் சுருங்கி ஊசித்துளைக் கேமரா ஆகிறது. உள்ளே லென்ஸ் உருவாகிறது. ஒவ்வொரு படிக்கும் இன்று உயிரோடு இருக்கும் எடுத்துக்காட்டு உண்டு. பாறையில் ஒட்டி வாழும் லிம்பெட் நத்தைக்குக் குழிக் கண், சுருள் ஓட்டுக்குள் வாழும் கடல் உயிரான நாட்டிலஸுக்கு ஊசித்துளைக் கண், ஆக்டோபஸுக்கு லென்ஸ் வைத்த முழுக் கண்.

ஸ்வீடனின் நில்சன், பெல்கர் என்ற இருவர் 1994இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஓர் அளவு ஒரே ஒரு விழுக்காடு மட்டும் மாறலாம் என்று வைத்துக்கொண்டால், தட்டையான திட்டிலிருந்து மீன் கண் வரை போக 1,829 படிகள் போதும். தலைமுறைக்கு மிகச் சிறிய மாற்றமே நடக்கும் என்று கஞ்சத்தனமாகக் கணக்கிட்டும், 3,64,000 தலைமுறைக்குள் முடிந்துவிடுகிறது. தலைமுறைக்கு ஓர் ஆண்டு என்றால் நான்கு லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. பூமியின் வயதில் அது ஒன்றுமே இல்லை.

‘பாதிக் கண்ணால் என்ன பயன்’ என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. நிழல் விழுவதை உணர்ந்தாலே ஒரு பிராணி ஓடி ஒளியலாம். குழி இருந்தால் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் தெரியும். செய்து காட்டுவதும் எளிது. தீப்பெட்டி, கறுப்புத் தாள், எண்ணெய் தடவிய வெள்ளைத் தாள், கடைசியில் ஒரு கைலென்ஸ், அவ்வளவுதான்.

ஆனால் இது நம் கண்ணின் கதை இல்லை. லிம்பெட்டும் நாட்டிலஸும் ஆக்டோபஸும் மெல்லுடலிகள். நமக்கும் அவற்றுக்கும் பொதுவான மூதாதை 55 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்தது. அதனிடம் இருந்தது ஒளியுணரும் சில செல்கள்தான், கேமரா போன்ற கண் இல்லை. அதன் பிறகு அவை தம் வழியில் கேமராக் கண்ணை உண்டாக்கின, நாம் நம் வழியில் உண்டாக்கினோம். விலங்குலகில் கண் குறைந்தது நாற்பது முறையாவது தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்று சால்வினி-பிளாவன், மாயர் இருவரும் 1977இல் மதிப்பிட்டார்கள். பலகையில் இந்தப் படிக்கட்டை வரைந்து, மேல் படியில் மனிதக் கண்ணை வைத்தால், நத்தையிலிருந்து ஆக்டோபஸ் வழியாக நாம் வந்தோம் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அந்த எண்ணத்தைப் பிறகு அழிப்பது மிகவும் கடினம்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. படிக்கட்டில் கண் தோலிலிருந்து உள்நோக்கிக் குழிகிறது. ஆக்டோபஸின் விழித்திரை அப்படித்தான் தோலிலிருந்து வருகிறது. முதுகெலும்பிகளின் விழித்திரையோ மூளையிலிருந்து வெளிநோக்கிப் புடைத்தது. இரண்டும் எதிரெதிர்த் திசை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் நம் கண்ணின் விநோதங்கள் எதற்கும் விளக்கம் கிடைக்காது.

பாறையும் ஜீனும்

புதைபடிவங்களை வைத்துச் சொல்லலாமா? நம் பக்கத்துப் பாறைகள் இதற்கு உதவாது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை நிற்கும் கல்லும், குவாரிகளிலிருந்து லாரி ஏறும் கிரானைட்டும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான பாறைத் தொகுதியைச் சேர்ந்தவை. அவை உருவானபோது உலகில் கண் என்ற ஒன்றே கிடையாது. அரியலூருக்குச் சுற்றுலா போனாலும் அங்கே கிடைப்பது டைனோசர் காலத்துக் கடல் உயிர்கள். கண் தோன்றி முடிந்து நெடுங்காலம் ஆன பிறகு வந்தவை அவை.

சீனாவின் யுன்னான் மாநிலத்தில் செங்ஜியாங் என்ற இடத்தில் கிடைத்த ஹைகூயிக்திஸ் 51.8 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சின்னஞ்சிறு மீன் போன்ற உயிர். அதன் தலையில் கண்களின் கறை தெரிகிறது. அதாவது, முதுகெலும்பிகளின் மிகப் பழைய படிவங்களிலேயே கண் வந்துவிட்டது. அதற்கு முந்தைய படிகள் மென்திசுக்களில் நடந்தவை, கல்லில் தங்கவில்லை. காலத்தை உணர்த்த ஒரு படம் காட்டினால் போதும், இதற்கு ஒரு பாடவேளை தேவையில்லை.

ஜீன் வழியிலும் சொல்லலாம். பாக்ஸ்-6 என்ற ஜீனை 1995இல் வால்டர் கேரிங் குழுவினர் பழ ஈயின் கால், இறக்கை, உணர்கொம்புகளில் இயங்க வைத்தார்கள். அங்கெல்லாம் கண் முளைத்தது. எலியின் ஜீனை வைத்தபோதும் ஈக்குக் கண் முளைத்தது, அதுவும் ஈயின் கண்ணே. மனிதரில் இதே ஜீனில் பழுது இருந்தால் கருவிழிப்படலம் இல்லாமல் குழந்தை பிறக்கலாம். கேட்டால் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள், அது நிச்சயம். ஆனால் ஜீன் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத பத்தாம் வகுப்புக்கு இது வெறும் அதிசயச் செய்தியாகப் போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலுக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வழியிலிருந்து ஒன்றை மட்டும் எல்லா வகுப்புக்கும் எடுத்துக்கொள்வேன். ஒளி பட்டதும் வடிவம் மாறும் மூலக்கூறு ரெட்டினால். அது வைட்டமின் ஏயிலிருந்து வருகிறது. ஆக்டோபஸின் கண்ணிலும் நம் கண்ணிலும் அதேதான். மாலைக்கண்ணும் முருங்கைக்கீரையும் மாம்பழமும் பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால் இந்தச் செய்தி மனதில் தங்கும்.

உறவுக்காரர்கள்

நம் கண்ணின் வரலாற்றை ஆராய்பவர்கள் அதிகம் நம்பும் வழி இது. மெல்லுடலிகளை விட்டுவிட்டு, நமக்கு நெருங்கிய உறவான கடல் உயிர்களைப் பார்ப்பது. ஆம்பியாக்ஸஸ் பாடநூலிலேயே இருக்கிறது. முதுகெலும்பு இல்லை, முதுகுநாண் உண்டு, விரல் நீளம்கூட இருக்காது. அதன் நரம்புக் குழலின் முன்நுனியில் நிறமிச் செல்களும், அவற்றை ஒட்டிச் சில ஒளியுணர் செல்களும் இருக்கின்றன. லென்ஸ் இல்லை, உருவம் தெரியாது. ஆனால் அந்தச் செல்களில் இயங்கும் ஜீன்கள், நம் விழித்திரையிலும் அதன் பின்னுள்ள நிறமி அடுக்கிலும் இயங்குபவற்றோடு ஒத்துப்போகின்றன என்று 2012இல் காட்டப்பட்டது. நம் கண்ணின் விதை எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால், இன்று காட்டக்கூடிய மிக நெருங்கிய பொருள் இதுதான்.

அடுத்தது லாம்ப்ரே. தாடை இல்லாத, விலாங்கு மாதிரி நீண்ட உயிர். அதன் வம்சம் நம் வம்சத்திலிருந்து ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. வளர்ந்த லாம்ப்ரேக்கு லென்ஸ், கண்ணைத் திருப்பும் தசைகள், வண்ணம் பிரித்தறியத் தேவையான ஒளிப்புரதங்கள் எல்லாம் உண்டு. அப்படியென்றால் இரு வம்சமும் பிரியும் முன்பே கேமராக் கண் தயாராகிவிட்டது என்று ஆகிறது. அதன் இளவுயிரியோ சேற்றுக்குள் பல ஆண்டுகள் வாழ்கிறது. அப்போது கண் தோலுக்கடியில், லென்ஸ் முழுதாக வளராமல், வெளிச்சம் இருட்டை மட்டும் உணரும் நிலையில் இருக்கிறது. உருமாறும்போதுதான் முழுக் கண் ஆகிறது. ஒரே உயிரின் வாழ்நாளில் பாதிக் கண்ணும் முழுக் கண்ணும்! இரண்டும் அந்தந்தக் காலத்தில் அதற்குப் பயன்படுகின்றன.

லாம்ப்ரே போலவே தாடை இல்லாத ஹேக் மீனையும் இதோடு சேர்த்து ‘பாதி வழியில் நின்ற கண்’ என்று பல இடங்களில் சொல்வார்கள். அதற்கு லென்ஸ் இல்லை, கண் தோலுக்கடியில் புதைந்திருக்கிறது. நான் அதை வகுப்பில் காட்ட மாட்டேன். சுமார் 30 கோடி ஆண்டுப் பழைய ஹேக் மீன் படிவம் ஒன்றின் கண்ணில், இன்றைய ஹேக் மீனிடம் இல்லாத நிறமி அடுக்கின் தடயம் கிடைத்ததாக 2016இல் ஓர் ஆய்வு வந்தது. ஆழ்கடல் இருட்டில் வாழ்ந்து நல்ல கண்ணை இழந்த உயிராகவே அது இருக்கலாம். இழந்ததை வளராதது என்று காட்டினால் கதை தலைகீழாகிவிடும்.

ஆக, கதை சரியானது. நம்முடையதும்தான். குறை என்னவென்றால், கையில் எடுக்க எதுவும் இல்லை. லாம்ப்ரே குளிர்நாட்டு உயிர், இந்திய ஆறுகளில் கிடையாது. ஆம்பியாக்ஸஸைப் பார்க்க நல்ல நுண்ணோக்கியும் பதப்படுத்திய வில்லையும் வேண்டும். எஞ்சுவது படமும் பேச்சும்தான். மதியம் மூன்று மணிக்கு, மின்விசிறி சுற்றும் வகுப்பில், படத்தை மட்டும் வைத்து நாற்பது நிமிடம் பிடித்து வைப்பது கடினம்.

ஆட்டுக் கண்

இதற்காக எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை. காலையில் வெட்டிய ஆட்டின் தலையிலிருந்து கண்ணை எடுத்துத் தரச் சொன்னால் கறிக்கடையில் தருவார்கள். அன்றைக்கே பயன்படுத்த வேண்டும், மறுநாள் உள்ளே எல்லாம் கலங்கிவிடும். கையுறை அவசியம், பிளேடு ஆசிரியர் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும். பார்க்க விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

வெள்ளைப் படலம் தடிப்பானது, அழுத்தித்தான் வெட்ட வேண்டும். கண்ணை நடுவில் சுற்றி வெட்டி முன்பாதியையும் பின்பாதியையும் பிரித்தால், தெளிந்த கூழும் லென்ஸும் வெளியே வரும். பின்பாதியின் உட்புறத்தில் வெளிறிய மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதுதான் விழித்திரை. இடுக்கியால் லேசாகத் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு கழன்று வரும். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கழலாது. அங்கே பார்வை நரம்பு வெளியேறுகிறது. அதுதான் குருட்டுப் புள்ளி. படலம் விலகிய இடத்தில் நீலப்பச்சையாக மின்னும் பகுதி தெரியும், இரவில் டார்ச் அடித்தால் ஆட்டின் கண் பளபளப்பது அதனால்தான்.

இந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். விழித்திரை ஏன் இவ்வளவு எளிதாகக் கழல்கிறது? அதற்கும் பின்னால் இருக்கும் கறுப்பு நிறமி அடுக்குக்கும் இடையே ஏன் ஒட்டுதல் இல்லை?

பதில் கருவளர்ச்சியில் இருக்கிறது. கருவில் முதுகுப் பக்கத்துத் தோல் சுருண்டு நரம்புக் குழல் ஆகிறது. சுருளும்போது வெளிப்பக்கம் இருந்த முகம் குழலின் உள்முகமாகிவிடுகிறது. குழலின் முன்பகுதி மூளையாக வளரும்போது இருபுறமும் இரண்டு பைகள் புடைத்துத் தோலை நோக்கி வருகின்றன. தோலைத் தொட்டதும் பையின் முன்சுவர் உள்வாங்குகிறது. காற்றிறங்கிய ரப்பர் பந்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் எப்படி இரட்டைச் சுவர்க் கிண்ணம் ஆகுமோ அப்படி. உள்வாங்கிய சுவர் விழித்திரை ஆகிறது, பின்சுவர் நிறமி அடுக்கு ஆகிறது. நடுவிலிருந்த வெற்றிடம் ஒட்டி மூடிக்கொள்கிறது, ஆனால் இரு சுவரும் ஒன்றாக இணைவதே இல்லை. ஆட்டுக் கண்ணில் இடுக்கி பட்டுப் பிரிந்தது அந்தப் பழைய வெற்றிடம்தான். ‘விழித்திரை பிரிஞ்சிருக்கு’ என்று கண் டாக்டர் சொல்லும்போதும் பிரிவது அதே இடத்தில்தான்.

ஒளியுணர் செல்கள் ஏன் ஒளிக்கு முதுகு காட்டி நிற்கின்றன என்பதற்கும் இதுவே பதில். அவை குழலின் உள்முகத்தைப் பார்த்து வளர்ந்தவை. சுவர் உள்வாங்கியதும் அந்த முகம் நிறமி அடுக்கைப் பார்த்து நிற்க நேர்ந்தது. நரம்பிழைகள் முன்பக்கம் வந்துவிட்டன. அவை மூளைக்குப் போக விழித்திரையைத் துளைத்துத்தான் வெளியேற வேண்டும், அந்த ஓட்டையில் பார்வை இல்லை. ஆக்டோபஸுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. அதன் இழைகள் பின்பக்கமாகப் போகின்றன, குருட்டுப் புள்ளி இல்லை. இதைக் கோளாறு என்று சொல்லி முடித்துவிடவும் வேண்டாம். ஒளியுணர் செல்களை நிறமி அடுக்கு ஒட்டி நிற்பதால்தான் செலவான ரெட்டினால் உடனுக்குடன் புதுப்பிக்கப்படுகிறது.

குருட்டுப் புள்ளியைப் பிள்ளைகள் தங்கள் கண்ணிலேயே பார்க்கலாம். தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 செ.மீ. வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் குறியையே பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும்.

ஒகேனக்கல்லிலோ கிருஷ்ணகிரி அணைப் பக்கமோ மீன் வாங்கும் வாய்ப்பு இருந்தால் ஒரு ஜிலேபி மீன் தலையையும் சேர்த்து வையுங்கள். மீனின் லென்ஸ் முழு உருண்டை. ஆட்டின் லென்ஸ் சற்றுத் தட்டை. நீருக்குள் கண்ணின் முன்வளைவு ஒளியை அதிகம் வளைக்காது, முழு வேலையும் லென்ஸ் தலையில். நிலத்துக்கு வந்த பிறகு முன்வளைவே பெரும்பங்கு வேலையை எடுத்துக்கொண்டது, லென்ஸ் தட்டையாகலாம். மீன் குழம்பில் வெள்ளை உருண்டையாக வருவது வெந்துபோன இந்த லென்ஸ்தான் என்று சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள். விழித்திரையின் அடுக்கு வரிசையோ மீனுக்கும் ஆட்டுக்கும் நமக்கும் ஒன்றே. கண் முதலில் நீரில் உருவானது, நாம் அதையே சுமந்துகொண்டு கரையேறினோம்.

முட்டையும் ஓணானும்

பை புடைத்துக் கிண்ணமாவதைக் கண்ணால் பார்க்க முடியாதா? முழுதாக முடியாது. ஓரளவு அடைமுட்டையில் பார்க்கலாம். கடைமுட்டை உதவாது, அது கருவுறாத முட்டை. நாட்டுக்கோழி அடைகாக்கும் முட்டையை ஐந்தாம் நாள் வாக்கில் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் வைத்தால், ரத்தக் குழாய்களின் நடுவே ஒரு கரும்புள்ளி தெரியும். குஞ்சின் கண் அது. உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. கறுப்பாகத் தெரிவது கிண்ணத்தின் பின்சுவரில் ஏறிய நிறமி. முட்டையை உடைக்காமல் உடனே திரும்ப அடையில் வைத்துவிடலாம்.

கூடுதலாக ஒன்று. பள்ளிச் சுவரில் வெயில் காயும் ஓணானின் உச்சந்தலையில், செதிலுக்கடியில் ஒரு சிறு கண் உண்டு. நெற்றிக்கண் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வராது. அதற்கும் லென்ஸும் விழித்திரையும் உண்டு, உருவம் தெரியாது, வெளிச்ச அளவை உணரும். இதுவும் முன்மூளையிலிருந்து மேல்நோக்கிப் புடைத்த பைதான். ஆனால் இதன் சுவர் உள்வாங்கவில்லை. அதனால் ஒளியுணர் செல்கள் ஒளியை நேராகப் பார்த்தே நிற்கின்றன. நம் தலைக்குள் மெலடோனின் சுரக்கும் பீனியல் சுரப்பி இதன் நெருங்கிய சொந்தம். ஓணானைப் பிடிக்க வேண்டாம், கைபேசியில் தூரத்திலிருந்து படம் எடுத்துப் பெரிதாக்கினால் போதும்.

சரி, இரண்டு பாடவேளையை எப்படிப் பிரிப்பது? முதல் பத்து நிமிடம் தீப்பெட்டிப் படிக்கட்டு. பாதிக் கண்ணுக்கும் பயன் உண்டு என்பதற்கு மட்டும்தான் அது. பலகையில் மனிதக் கண்ணை அதன் மேல் படியில் வரையவே கூடாது, ‘இது ஆக்டோபஸின் வழி’ என்று எழுதிவிட வேண்டும். மீதி முதல் பாடவேளை முழுவதும் ஆட்டுக் கண், ரப்பர் பந்து, குருட்டுப் புள்ளித் தாள். இரண்டாவதில் முட்டை, அப்புறம் ஆம்பியாக்ஸஸும் லாம்ப்ரேயும் படத்தில். மூளையிலிருந்து புடைத்த பையைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு, ஆம்பியாக்ஸஸின் நரம்புக் குழல் நுனியில் இருக்கும் அந்த நாலைந்து செல்கள் எதற்கு முன்னோடி என்று பிள்ளைகளே சொல்வார்கள். படத்தை முதலில் காட்டினால் அது நடக்காது. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கறி கொண்டுவர முடியாத பள்ளி என்றால் பந்தும் தாளும் முட்டையும் போதும். விழித்திரை கழல்வதை மட்டும் பார்க்க முடியாது. அதற்கு யாராவது ஆசிரியர் வேறிடத்தில் செய்து எடுத்த காணொளியைப் போட்டுக் காட்டலாம். முட்டைக்கு மட்டும் ஒரு வாரம் முன்னதாகவே, எந்த மாணவர் வீட்டில் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது என்று விசாரித்து, எந்தத் தேதியில் அடை வைத்தார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.